ரப்பர் பூதங்களின் வெள்ளிக்கிழமை

தம்மாமிலிருந்து இரண்டு மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால் எங்கள் கேம்ப். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பத்து வரிசை பலகை ரூம்கள், ஒரு மெஸ் ஹால், ஒரு ஜெனரேட்டர் கொட்டகை, சுற்றிலும் மண். அந்த அரபு நாட்டில் சினிமாத் தியேட்டர் கிடையாது. ஆனால் அமெரிக்கர்கள் குடியிருந்த காம்பவுண்டுகளுக்குள் படம் ஓடும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. எங்கள் கம்பெனியில் இருந்த ஒரு அமெரிக்க இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, பழைய பதினாறு எம்.எம். புரொஜெக்டர் ஒன்றையும் ஒன்பது படங்களின் பெட்டிகளையும் கேம்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மெஷினைத் தொடத் தெரிந்தவன் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள்.

ஒன்பதும் பேய்ப் படங்கள். எல்லாமே கறுப்பு வெள்ளை. அதற்கும் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்பு ஹாலிவுட்டில் யாரோ சில்லறைக் கம்பெனிக்காரர்கள் அவசரமாக எடுத்தவை. எதுவும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அந்தப் படங்களில் நடித்தவர்களை யாருக்கும் தெரியாது, எடுத்தவர்களுக்கே மறந்துபோயிருக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலின் ஜன்னல்களைத் தார்ப்பாயாலும் சாக்காலும் மூடினோம். வெயில் உள்ளே வரக்கூடாது, வெளியே போகிறவர்கள் கண்ணிலும் படக்கூடாது. இரண்டு பெட்ஷீட்டைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினோம். தமிழர்கள், மலையாளிகள், பட்டாணியர்கள் என்று அறுபது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். பாட்டு இருக்கும், சண்டை இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள்.

படம் ஒரு கலங்கரை விளக்கத்தில் நடந்தது. கப்பலோடு மூழ்கிப்போன மாலுமிகள் உடம்பெல்லாம் கடல்பாசி தொங்க ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். பத்து நிமிஷத்தில் ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவு மெல்லத் திறந்தது. ஈரமான கை ஒன்று உள்ளே நீண்டது. விளக்கோடு நின்ற பெண் அலறிக்கொண்டு கதவை இழுத்து அறைந்தாள்.

“ஏய், கல்லுச் செவுரு ஆடுதுடா!” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆடத்தான் செய்தது. அத்தனை பெரிய கருங்கல் சுவர், கதவு மோதியதும் துணி மாதிரி அலைந்து நின்றது. ஹாலே சிரித்துக் குலுங்கியது. தமிழ் தெரியாத பட்டாணியர்களும் சுவரைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

கத்தியவன் ஷட்டரிங் கார்ப்பெண்டர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைக்கும் வேலை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு ஊர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், இருபத்தெட்டு இருக்கும். ஊரில் மனைவியும் ஆறு வயதில் ஒரு மகளும். எனக்குப் பக்கத்து ரூம்தான் என்றாலும் அன்றுவரை அவனோடு நான் அதிகம் பேசியதில்லை. படம் முடிந்து ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

“அது பிளைவுட்டுகூட இல்லண்ணே. சாக்க சுண்ணாம்புல முக்கிச் சட்டத்துல ஒட்டியிருக்கான். காயிறதுக்குள்ள படம் புடிச்சிட்டான்.”

“அப்ப ஏமாத்துதான?”

“ஏமாத்தா? ரெண்டே நாள்ல, கையில கெடந்த சாமான வச்சு ஒரு கல்லுக் கோபுரத்தையே நிறுத்தியிருக்கான்ணே. நம்ம போர்மேன் மாதிரி ஒருத்தன் தலமாட்டுல நின்னு ஜல்தி ஜல்தின்னு கத்தியிருப்பான். கெட்டிக்காரப் பய.”

அதற்கப்புறம் அவன் இல்லாமல் படம் இல்லை என்றாயிற்று. திரையில் பேசுகிற இங்கிலீஷ் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. அவன் தமிழில் பேசுவான். பிரேதங்களை எழுப்புகிற டாக்டரை எங்கள் கேம்ப் பாஸ் மாதிரியும், எழுந்த பிரேதத்தை லீவு கேட்டு நிற்கிற ஆள் மாதிரியும் பேச வைப்பான். வௌவாலைக் கட்டித் தொங்கவிட்ட நூல், பூதத்தின் ரப்பர் முதுகில் தெரிந்த ஜிப், நடுக்காட்டில் ஓடும் பெண்ணின் பின்னால் மூன்றாம் முறை வந்துபோன அதே மரம், எல்லாம் அவன் கண்ணில்தான் முதலில் படும். ஐந்தாவது படத்தில் ஒரு மாடிப்படியைப் பார்த்துவிட்டு, “இது ரெண்டாவது படத்துல வந்த படிண்ணே, வளைச்சு வேற பக்கம் வச்சிருக்கான்” என்றான். நான் அந்த ரீலைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

ஒன்பது படமும் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன். சாரத்தின்மேல் நிற்கிறவன் தனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது. லெட்டர் வராத வாரத்தில் ஊரில் என்ன ஆயிற்றோ என்று கலங்குவதையும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அறுபது ஆண்கள் வாய்விட்டு அலறலாம். அடுத்த நொடியே அந்தப் பூதத்தின் ஜிப்பைப் பார்த்துச் சிரிக்கலாம். நல்ல படமாக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. மோசமாகச் செய்த பேய் எங்களை விட்டுவிடும்.

அவன் அந்தக் கதைகளை மகளுக்கு எழுதுவான். படம் முடிந்த கையோடு கட்டிலில் குப்புறப் படுத்து ஏர்மெயில் தாளில் எழுதுவான். அதில் சுவர் ஆடியதும் ஜிப் தெரிந்ததும் இருக்காது. “புள்ளைக்கு மட்டும் நெசமாவே பேயா இருக்கட்டும்ணே” என்பான்.

மே மாதம் வந்ததும் ஹாலுக்குள் உட்கார முடியவில்லை. தகரக் கூரை, மூடிய ஜன்னல், அறுபது பேர், புரொஜெக்டர் விளக்கின் சூடு வேறு. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சைட்டில் பூமிக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் காற்று அனுப்ப ஒரு புளோயர் இருந்தது. பீப்பாய் அளவு விசிறி, அதிலிருந்து நீளமான கித்தான் குழாய். வெள்ளிக்கிழமை சைட்டில் வேலை இல்லை. புளோயர் சும்மாதான் கிடக்கும். வியாழன் சாயங்காலம் அதைக் கழற்றிக் கொண்டுவந்து மெஸ் ஜன்னலில் பொருத்தினேன். ஒரு பக்கம் நான் பிடிக்க, மறு பக்கம் அவன் பிடித்துத் தூக்கினான். மறுநாள் காற்று வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு வாரமும் படம் முடிந்த உடனே பிக்கப்பில் ஏற்றித் தொட்டிக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு வாரம் அப்படி நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டியது சேற்று மனிதன் வருகிற படம். எல்லோருக்கும் பிடித்தது என்பதால் ஏற்கெனவே பல தடவை ஓடித் தேய்ந்திருந்தது. மகளுக்கு மட்டும் இந்தக் கதையை அவன் இன்னும் எழுதியிருக்கவில்லை. கதாநாயகி பழைய மாவு மில்லுக்குள் ஓடிப்போய் ஒளிகிறாள், படியில் சேற்று மனிதன் ஏறிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் ஃபிலிம் அறுந்தது. ஒட்டினேன். ஓட்டினேன். மறுபடி அறுந்தது. ஓரத்துத் துளைகள் வரிசையாகக் கிழிந்திருந்தன. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, மிச்சம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் பிக்கப் டிரைவர் தம்மாமுக்குப் போய்விட்டான்.

“காலையில மொத வேலையா கொண்டுபோயிருவோம்ணே,” என்றான் அவன்.

“ஆமா, காலையில பாத்துக்கலாம்,” என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையல்கட்டின் குளிர் அறை நின்றுபோனது. ஒரு வாரக் கறி உள்ளே இருந்தது. கேம்ப் பாஸ் என் ரூம் கதவைத் தட்டி அழைத்துக்கொண்டு போனார். பழுதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எட்டரைக்குப் புளோயரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போனேன். தூரத்திலிருந்தே தொட்டியின் வாயைச் சுற்றிக் கூட்டம் தெரிந்தது.

நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை தொட்டிக்குள் சுவரெல்லாம் தார்ப் பூச்சு அடித்திருந்தார்கள். புழுதி விழாமலிருக்க மூடியைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பகலும் இரண்டு இரவும் தாரின் ஆவி உள்ளேயே கிடந்தது. சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வருகிறார், உள்ளே கிடக்கும் சாரப் பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்று போர்மேன் அவனை இறங்கச் சொல்லியிருக்கிறார். போர்மேன் பம்பாய்க்காரர். புளோயர் இன்னும் வரவில்லை என்று இவன் சொல்லியிருக்கிறான். “ஆதா கண்டா கா காம் ஹை. யல்லா,” என்று அவசரப்படுத்தினாராம். அரை மணி நேர வேலைதானே என்று இவனும் இறங்கிவிட்டான். இரண்டு பலகை மேலே வந்தது. மூன்றாவது வரவில்லை. கூப்பிட்டார்கள், சத்தம் இல்லை. ஒரு பட்டாணியர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, முகத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கி வந்தார். அவரும் வெளியே வந்ததும் வாந்தியெடுத்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.

நான் போனபோது அவனை மணலில் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் ஒரு காயமும் இல்லை. கன்னத்தில் மட்டும் தார் ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

“காத்து குடுங்கப்பா, காத்து குடுங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பிக்கப்பிலிருந்து புளோயரை இறக்கி, ஒயரைச் சொருகி, கித்தான் குழாயின் வாயை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். காற்று வந்தது. அவன் தலைமுடி எழும்பிப் பறந்தது; சட்டைக் காலர் படபடத்தது. கண்ணிமை அசைந்த மாதிரிகூட இருந்தது. காற்றுக்கு அசைந்ததுதான். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. யாரோ வந்து ஸ்விட்சை அணைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளில் இருதயம் நின்றதால் மரணம் என்று இருந்தது. நான் போர்மேனிடம் போனேன். விசிறியை எடுத்துக்கொண்டு போனவன் நான்தான், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“டாக்டர் நே லிக் தியா, பாய். ஹார்ட். கலாஸ்.”

டாக்டர் எழுதிவிட்டார், முடிந்தது என்கிறார். பூச்சு காயாமல் ஆளை இறக்கியவர் அவர். விசிறியை எடுத்தவன் நான். அவர் என் வாயை அடைத்தார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கலாம். உண்மையில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிரேதம் ஊருக்குப் போக நாற்பது நாளுக்கு மேல் ஆனது. பெட்டியைக் கேம்ப் கார்ப்பெண்டர்களே செய்தார்கள். உள்ளே தகடு வைத்து அடைக்க வேண்டும் என்று விதி; ஏ.சி. காற்றுக்குத் தகரக் குழாய் செய்கிற டக்ட் வேலைக்காரர்கள் வந்து அடைத்தார்கள். நான் புரொஜெக்டரை உறையில் போட்டு மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் ரூமிலேயே படுத்துக்கிடந்தார்கள். படம் எப்போது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து எனக்கு லீவு வந்தது. ஊரில் இறங்கிய நான்காம் நாள் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அவன் வீடு சின்ன ஓட்டு வீடு. அவன் மனைவி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மாமியார் வயலுக்குப் போயிருந்தாள். மகள் சுவரோரம் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ அப்பாவோட கடைசி லெட்டரு தந்தி வந்ததுக்கப்புறம் வந்துச்சுண்ணே,” என்றாள் அவன் மனைவி. “பாதிக் கதையில நிக்குது. அதையே படிக்கச் சொல்லி உசுர எடுக்குது.”

பிள்ளை எழுந்து வந்தது. “அந்தப் பொம்பள மில்லுக்குள்ள ஒளிஞ்சாள்ல. சேத்து மனுசன் படியில ஏறுனான்ல. அப்புறம் என்னாச்சு?”

சேற்று மனிதன் வெயில் பட்டதும் காய்ந்து உதிர்ந்துபோனான் என்றேன். அதுதான் படத்தின் முடிவும். பிள்ளை யோசித்துவிட்டுத் தலையாட்டியது. வெளியே தெருவில் பத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சை மாற்ற, “நீ விளையாடப் போகலையா?” என்று கேட்டேன்.

“ஓடக் கூடாது. எனக்கும் நெஞ்சு நின்னுரும்.”

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

“அவருக்கு நெஞ்சுல கோளாறு இருந்திருக்குண்ணே. கல்யாணம் கட்டி ஏழு வருசம் எங்கிட்ட மறைச்சிட்டாரு,” என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. “அவுங்க சித்தப்பாவும் சின்ன வயசுல அப்படித்தான் போனாராம். பரம்பரையா இருக்கும்னு சொல்றாக. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். இப்ப ஒண்ணுந் தெரியலங்குறாரு டாக்டரு. வளர வளரத்தான் தெரியுமாம்ல. பள்ளிக்கூடத்துலயும் வெளையாட வுடாதீகன்னு சொல்லிட்டேன்.”

அங்கே போகும்போது எதையும் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு பெட்ஷீட், பால்பவுடர் டின், பிள்ளைக்கு ஒரு கவுன், இவற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

“புள்ளைய வெளிய அனுப்புங்க,” என்றேன்.

பிள்ளை வாசலுக்குப் போய் நின்றுகொண்டது. நான் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். தாரைச் சொன்னேன், மூடியைச் சொன்னேன், போர்மேன் சொன்னதைச் சொன்னேன். பிறகு விசிறியைச் சொன்னேன். படம் அறுந்ததும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதும், குளிர் அறையும், எட்டரை மணியும். அவள் குறுக்கே பேசவில்லை.

“அப்ப நெஞ்சுக் கோளாறு இல்ல.”

“இல்ல. ஒரு கோளாறும் இல்ல.”

“ஏழு மாசமா அந்த மனுசனத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்.” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “வெசிறிய நீங்க எடுத்தது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். அவனும் ஒரு பக்கம் புடிச்சான்.”

“தெரிஞ்சேதான் எறங்குனாரா?”

“போர்மேன் எறங்கச் சொன்னாரு.”

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். பிள்ளையின் கோடு போட்ட நோட்டோடும் பென்சிலோடும் வந்தாள்.

“எழுதிக் குடுங்கண்ணே. என் வாயால சொன்னா என் மாமியா நம்பாது. டாக்டரும் நம்ப மாட்டாரு.”

இன்னும் ஒன்றரை வருஷ கான்ட்ராக்ட் பாக்கி இருந்தது. இந்தத் தாள் கம்பெனிக்குப் போனால் எனக்குத் திரும்பிப் போக வேலை இருக்காது. ஒருவேளை அதைவிட மோசமாகவும் ஏதாவது நடக்கலாம். இத்தனையும் அவள் நோட்டை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனதில் ஓடியது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கி எழுதினேன். தார் பூசி மூடிவைத்த தொட்டிக்குள், காற்று விசிறி இல்லாத நிலையில் இறக்கப்பட்டதால் மூச்சு முட்டி இறந்தார். அவருக்கு நோய் எதுவும் கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி படித்தாள்.

“வெசிறி இல்லன்னு போட்டிருக்கீக. ஏன் இல்லன்னு இல்லையே.”

அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே தந்தாள். இரண்டாவது தாளில், விசிறியை நான் எடுத்துக்கொண்டு போனேன், நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை என்று எழுதினேன். என் பெயரையும் ஊரையும் போட்டேன். இந்தத் தடவை அவள் ஒரு முறைதான் படித்தாள். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இனிமே வராதீகண்ணே. ஒங்க மேல கோவமில்ல. பாக்க முடியாது, அவ்வளவுதான்.”

நான் கொண்டுபோன பையை நாற்காலியின் மேலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அவள் வாசல்வரை வந்து பிள்ளையின் தோளில் கை வைத்தாள்.

“நாலு மணி பஸ்ஸு போயிரும். போங்க,” என்றாள்.

அந்தத் தாளை அவள் யாரிடமெல்லாம் காட்டினாள் என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்கு எதுவும் வரவில்லை. மீதமிருந்த ஒன்றரை வருஷமும் போர்மேன் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதெல்லாம், அந்தத் தாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஃபியூஸ் போயிருக்கும்.